கீழ்க்கடல் தந்த பாட்டு

வங்கக் கடலின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, சென்னைத் துறைமுகத்திலிருந்து மலேசியாவின் மேற்குக் கரைக்கு நேர்கோடு ஒன்று இழுக்கிறவருடைய பென்சில், நடுவழியில் நிக்கோபார்த் தீவுகளைத் தொடாமல் அக்கரை சேர்வதில்லை. 1025 ஆம் ஆண்டை ஒட்டி இராஜேந்திர சோழனுடைய மரக்கலங்கள் இந்தத் திசையிலேதான் சென்றன. வென்ற தேசங்களை வரிசைப்படுத்துகிற அவனது மெய்க்கீர்த்தியும், மாநக்கவாரத்தையும் கடாரத்தையும் அடுத்தடுத்து நிறுத்தியே பேசுகிறது. அந்தப் பழைய மார்க்கத்தில், யானையும் ஆயுதமும் இல்லாமல், எதிர்த்திசையில், 2006 ஆம் ஆண்டில் ஒரு பாட்டு புறப்பட்டு வந்தது. கோலாலம்பூரில் பிறந்து, தமிழகத்தின் வாலிபர்களை வசப்படுத்தி, சென்னையில் கப்பலேறி, முடிவில் அந்தமானிலுள்ள நம்மிடமும் வந்து சேர்ந்த அப்பாட்டைப் பற்றி, தீவுத் தமிழர் என்ற உரிமையோடு விரிவாகப் பேசவேண்டும் என்பது எனது நெடுநாளைய ஆசை.

பாடியவர்கள் மூவர்: யோகி பி என்று பெயர் பூண்ட யோகேஸ்வரன் வீரசிங்கம், டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ். குழுவின் பெயர் 'யோகி பி அண்ட் நட்சத்ரா'. அவர்கள் வெளியிட்ட தொகுப்பு 'வல்லவன்'. அதில் இடம்பெற்று, மூவரையும் ஒரே வருஷத்தில் கடல் கடந்த பிரசித்திக்கு உரியவர்களாக்கிய பாட்டு 'மடை திறந்து'.

இளைஞர் சிலர் ஒன்றுகூடிக் குழுவாகப் பாடுவதும், அவர்களுடைய பாட்டுகளுள் ஏதோ ஒன்று திடீரென்று தேசத்தையே ஆட்கொள்வதும் உலக சங்கீத சரித்திரத்தில் பலமுறை நிகழ்ந்திருக்கின்றன. லிவர்பூல் நகரத்து பீட்டில்ஸ் நால்வரும் 1962 இல் தங்கள் முதல் தட்டை வெளியிட்டபோது பிரிட்டனுக்குள் ஓரளவே அறியப்பட்டவர்களாக இருந்து, 1964 பிப்ரவரியில் 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' அமெரிக்காவில் முதலிடத்தை அடைந்ததும் உலகத்தின் சொத்தாகிவிட்டார்கள். ஜாக்ஸன் சகோதரர் ஐவருக்கு 1969 இல் 'ஐ வான்ட் யூ பேக்' அத்தகைய பாட்டாக வாய்த்தது. நம் தேசத்திலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மும்பையிலே 'எ பேண்ட் ஆஃப் பாய்ஸ்' என்று ஐவர் குழு ஒன்று தோன்றி, 'மேரீ நீந்த்' என்னும் இந்திப் பாட்டினால் கல்லூரி மாணவர்களின் அபிமானத்தைப் பெற்றது. தமிழில் அப்படி ஒரு குழு தோன்றாமலிருந்ததற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. தமிழ்ப் பாட்டு என்றாலே அது சினிமாப் பாட்டுத்தான் என்று ஆகிவிட்டபடியால், கோடம்பாக்கத்தின் வாயிலைத் தட்டாமல் ஒரு வாலிபன் தன் குரலை ஊர் கேட்கச் செய்வதற்கு வழியே இருக்கவில்லை. மேலைநாட்டுக் கம்பெனிகள் அழகும் வயதும் பார்த்துப் பொறுக்கியெடுத்துக் கட்டுகிற பாய் பேண்டுகளுக்கும் இந்த மூவருக்கும் வேறுபாடு பெரிது. இவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இவர்களே ஒருவரையொருவர் தேடிக்கொண்டார்கள். யோகி பி அதற்கு முன்பே 'பொயட்டிக் அம்மோ' என்னும் குழுவில் இருந்து, 1998 இல் வெளிவந்த தொகுப்பொன்றில் ஆங்கிலம், மலாய், தமிழ் என்று பல பாஷைகளில் ராப் என்னும் சொல்லிசை பயின்றவர். அந்த அனுபவத்தோடு முழுவதுமாகத் தமிழுக்குத் திரும்பி வந்தபோதுதான் அவருக்கு 'வல்லவன்' கைகூடிற்று.

பாட்டின் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1980 ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளிவந்த பாரதிராஜாவின் 'நிழல்கள்', படித்துவிட்டு வேலை கிடைக்காமல் பட்டணத்தில் அலைந்து மனம் உடைகிற இளைஞர்களின் கதை. வைரமுத்து என்னும் புதிய கவிஞர் அறிமுகமானதும் அதே படத்தில்தான். அதில் வாய்ப்புத் தேடி ஏங்குகிற ஒரு சங்கீதக்காரன், தன் வெற்றியைக் கற்பனையிலே கண்டு பூரிப்பதாக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடியது 'மடை திறந்து'. திரையில் வாயசைத்தவர் சந்திரசேகர். இளையராஜாவும் அக்காட்சியில் சிறிது நேரம் தோன்றுவார். படம் கொட்டகையில் வெற்றி பெறவில்லை. கதையில் வருகிற அந்த வாலிபனுக்கும் வெற்றி கிட்டவில்லை. பாட்டு மட்டும் பிழைத்தது. இருபத்தாறு வருஷங்கள் கழித்து, வாய்ப்புக் கிட்டாத கற்பனைப் பாடகனுடைய அந்தப் பல்லவியை, நிஜமாகவே வாய்ப்புக் கிட்டாதிருந்த மூன்று வாலிபர்கள் வேறொரு தேசத்தில் எடுத்துக்கொண்டு, அவன் கனவில் கண்டதைத் தாங்கள் நனவில் அடைந்தார்கள். எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிற விஷயம் இது. பழைய பாட்டை எடுத்துப் புதுப்பிக்கிறவர் ஆயிரம் பேர் இருக்க, எந்தப் பாட்டை எடுப்பது என்ற தேர்விலேயே பாதிக் கவித்துவம் அடங்கியிருப்பதை இம்மூவரும் அறிந்திருந்தார்கள்.

இரவல் மெட்டின்மேல் கட்டிய பாட்டு எப்படி சொந்தப் பாட்டாகும் என்று கேட்பவர் உண்டு. சொல்லிசையின் பிறப்பே அவ்வாறுதான் நிகழ்ந்தது. 1979 இல் அமெரிக்காவில் 'சுகர்ஹில் கேங்' என்னும் மற்றொரு மூவர் குழு வெளியிட்ட 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பாட்டுத்தான், தெருமுனைகளிலும் கேளிக்கைக் கூடங்களிலும் மட்டும் வழங்கிவந்த அக்கலையை முதன்முதலாக அந்நாட்டுப் பிரபல வரிசையில் நாற்பதுக்குள் கொண்டுசேர்த்தது. அப்பாட்டும் 'ஷீக்' என்ற குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டினுடைய தாளத்தையும் அடிநாதத்தையும் ஆதாரமாகக் கொண்டு எழுந்ததே. மூலத்தை இயற்றியவர்கள் வழக்குத் தொடுக்கப்போவதாகச் சொன்ன பிறகு, அவர்கள் பெயரும் ஆசிரியர் வரிசையில் சேர்க்கப்பட்டது, அது நியாயமுங்கூட. மூலத்துக்குரிய மரியாதையைச் செலுத்திவிட்டு, அதன்மேல் தன் சொல்லை நிறுத்துகிறவனைத் திருடன் என்று பழிப்பது, கம்பனைப் பார்த்து வான்மீகியின் கதையைத் திருப்பிக் கேட்பதற்கு ஒப்பாகும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். பாட்டைக் கேட்கிறவருடைய காதில் முதலில் விழுவது பழைய பல்லவியின் பிரவாகம். அது ஓய்ந்த இடத்தில் மெட்டு பின்வாங்கிக்கொள்ள, தாளம் மட்டும் எஞ்சி நிற்க, மூவரும் ஒருவர் மாற்றி ஒருவராகத் தங்கள் வல்லமையை வேகமாக உரைக்கத் தொடங்குகிறார்கள். தங்கள் நாவன்மையைத் தாங்களே மெச்சுகிறார்கள். எதிர்த்து வருவாரை அறைகூவுகிறார்கள். முதியோர் பலர் முகம் சுளித்தது இந்த இடத்தில்தான். தற்புகழ்ச்சி தகாது என்று கற்ற சமூகம் நம்முடையது. ஆயினும் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், புலவனுக்குத் தன்னைத் தான் புகழ்வது தகுகின்ற சந்தர்ப்பங்கள் சில உண்டு என்று விதிக்கிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது ஒன்று. அவையில் வாதிட்டு வெல்ல நேரும்போது ஒன்று. மாற்றான் தன்னைப் பழித்தபோது ஒன்று. தன் ஆற்றலை உணராதவர் நடுவில் நிற்கும்போது மற்றொன்று. புறத்திணையிலும் வீரன் தன் மேம்பாட்டைத் தானே எடுத்துரைக்கிற நெடுமொழி உண்டு. மலேசியத் தமிழ் வாலிபன் எந்தச் சந்தர்ப்பத்தில் நின்றான் என்பதை அறிந்தவர்கள் 'வல்லவன்' என்ற தலைப்பை ஆணவமாகக் கொள்ளமாட்டார்கள்.

ஏனெனில் அவனுடைய ஆற்றலை உணர்ந்தவர் எவரும் அவனைச் சுற்றி இருக்கவில்லை. வெள்ளையர் காலத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோகப்பட்ட தமிழ்க் கூலிகளின் பேரனும் கொள்ளுப்பேரனுமாகிய அவன், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பிறகு, நகரத்து அடுக்குவீடுகளிலே ஒண்டவேண்டியவனானான். அங்கே பெரும்பான்மையோரின் பாஷை வேறு. தாயகத்தில் இருந்தவர்களோ அவனைத் தங்கள் சினிமாவுக்குக் கட்டணம் செலுத்துகிற ரசிகனாக மட்டுமே அறிந்திருந்தார்கள். பினாங்கைச் சேர்ந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்னும் சகோதரர்கள் 'ஆலிகேட்ஸ்' என்ற குழுவை அமைத்து 1970களின் இறுதியிலிருந்து மலேசியா முழுவதும் புகழ் பெற்றார்கள். ஆனால் அந்தப் புகழ் அவர்களுக்கு மலாய்ப் பாட்டுகளால் வந்தது. அது சிறுமை என்று நான் கூறவில்லை. அவர்கள் குரலின் இனிமை எந்தப் பாஷையிலும் இனிமையே. எனினும் தமிழ்க்குலத்து இளைஞர் தமிழிலே பாடி, சினிமாவின் துணையின்றி, தேசத்துக்கு வெளியிலும் கேட்கப்படுவது என்பது 'மடை திறந்து' வரும்வரை அங்கே நடவாத காரியமாகவே இருந்தது. அடுத்த வருஷம், 2007 நவம்பர் 25 ஆம் தேதி, கோலாலம்பூர் வீதிகளில் இந்திய வமிசத்தவர் ஆயிரக்கணக்கில் திரண்டு தங்கள் குறைகளை முறையிட்டதை நினைவுகூர்கிறவர்களுக்கு, அந்தப் பாட்டில் ஒலிக்கிற உரத்த தொனி எந்தக் காற்றிலே பிறந்தது என்பது விளங்காமல் போகாது.

தமிழ் யாப்பு இக்கலைக்கு எவ்வளவு இசைவானது என்பதையும் சொல்லவேண்டும். மேலைநாட்டுச் சொல்லிசை அடியின் இறுதி ஒலியொப்புமையை நம்பி நிற்கிறது; நமக்கு அது இயைபு. அதோடு அடியின் தலையிலே எதுகையும் மோனையும் நமக்கு இருப்பதால், ஒரே வரி முன்னும் பின்னும் இரண்டு முறை தாளத்தில் மோதுகிறது. இரண்டு சொற்கள் சேருமிடத்தில் க், ச், த், ப் என்று வல்லினம் மிக்கு ஒலிக்கிறதே, அந்த அழுத்தம் மத்தளத்தின் இடந்தலை அடிபோல வரியின் நடுவிலேயே விழுகிறது. பேச்சு வேகத்திலும் எழுத்துத் தேயாமல் உச்சரித்துக் காட்டுகிற யோகி பியின் நா, இந்த வல்லினத்தை முழுமையாகப் பயன்கொண்டது. அருணகிரிநாதருடைய சந்தத்தை ஓதிப் பழகிய காதுக்கு இது முற்றிலும் அந்நியமாக இராது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 இல் பெயர் மாறிய நமது போர்ட் பிளேரில், வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தன்று காவடி தூக்கிச் செல்கிற வாலிபர்களையும், மலேசியாவின் பத்துமலையில் தைப்பூசத்தன்று உறுமி மேளத்தின் உக்கிரமான அடிக்கு ஆடி வருகிற வாலிபர்களையும் மனக்கண்ணில் அருகருகே நிறுத்திப் பார்த்தால், இருவர் காலுக்கும் ஒரே தாளம்தான் பழக்கமாகியிருக்கிறது என்பது தெரியவரும்.

அந்த உறவு தாளத்தோடும் நிற்கவில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தோட்டத் தமிழருள் சில குடும்பங்கள், நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. விடியுமுன் எழுந்து, மரத்தின் பட்டையைச் சாய்வாகக் கீறி, சொட்டுச் சொட்டாக வடிகிற பாலைச் சிரட்டையில் ஏந்துகிற அதே தொழில்தான் மலாயாத் தோட்டத்துப் பாட்டன்மாருக்கும் வாய்த்திருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கச்சாலைச் சூறையாடிப் போனது. அந்தக் காயம் ஆறாத காலத்தில்தான் இப்பாட்டு பிறந்தது.

பாட்டு இங்கே வந்து சேர்ந்த வழியை இளையோர் இன்று நம்பமாட்டார்கள். அக்காலத்தில் தீவுகளுக்கு இணையத் தொடர்பு செயற்கைக்கோள் ஒன்றினாலேயே இருந்தது. ஒரு பாட்டை இறக்கிக்கொள்வதற்கு இரவு முழுவதும் காத்திருந்தும், விடியும்போது தொடர்பு அறுந்து போயிருப்பதைக் கண்டு சலித்துக்கொள்வார்கள். ஆகவே பாட்டுகள் கப்பலில் வந்தன. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் பிரயாணம். பங்க் வகுப்பிலே, மேலும் கீழுமாகப் பலகைக் கட்டில்கள் அடுக்கியிருக்கிற அந்த நீண்ட கூடத்தில், டீசல் நாற்றமும் புளிச்சோற்று மணமும் கலந்த புழுக்கத்தில், மெயின்லேண்டில் படித்துவிட்டு விடுமுறைக்கு ஊர் திரும்புகிற ஒரு மாணவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்ததை ஒரு பிரயாணத்தில் கண்டேன். அவன் கைபேசியின் முதுகைத் திறந்து, நகத்தளவு இருந்த மெமரி கார்டை எடுத்து, அடுத்தவனுடைய கைபேசியில் செருகினான். 'மடை திறந்து' நகலாகி முடியும்வரை எல்லோரும் திரையில் நகர்கிற சிறு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த அட்டை மூன்றாமவனுக்குப் போயிற்று. ஹட்டோ துறையில் கப்பல் கட்டுவதற்குள் அந்தக் கூடத்துப் பையன்கள் அத்தனை பேரிடமும் பாட்டு இருந்தது. அதன்பின் அபர்தீன் பஜாரில் பாட்டு நிரப்பிக் கொடுக்கிற கடைகளிலிருந்தும், ஷேர் ஆட்டோக்களிலிருந்தும் அது ஒலிக்கக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கூடத்தில் ஒரு பெரியவர், "என்ன தம்பி, பாட்டுப் பாடச் சொன்னா சண்டை போடுறானுங்க?" என்று கேட்டதும், "சண்டை இல்லீங்க பெரியப்பா, இதுதான் பாட்டு. நல்லாக் கேளுங்க, அத்தனையும் தமிழ்" என்று அந்த மாணவன் விடை சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. அத்தனையும் தமிழ் என்பது மிகை. ஆங்கிலம் தாராளமாகவே கலந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வருகிற பகுதிகள், அமெரிக்கப் பாடகர்களுடைய பழகிய வீறாப்பை ஒட்டியே செல்வதால், தமிழ்ப் பகுதிகளின் வீரியம் அவற்றுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். தமிழுக்குத் திரும்புகிற கணத்தில்தான் பாட்டுக்கு ஜீவன் திரும்புகிறது. அந்த மாணவன் காதில் தமிழ் மட்டுமே தங்கியது என்றால், அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இதற்குப் பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1979 இல் கே. பாலசந்தர் 'நினைத்தாலே இனிக்கும்' என்று ஒரு படம் எடுத்தார். இளைஞர் இசைக்குழு ஒன்று சிங்கப்பூருக்குச் சென்று கச்சேரி செய்வது அதன் கதை. கண்ணதாசன் எழுதி எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த அப்படத்தின் 'எங்கேயும் எப்போதும்' பாட்டு, 2007 இல் 'பொல்லாதவன்' படத்தில் புதுவடிவம் பெற்றபோது, எஸ்.பி.பியோடு சேர்ந்து ஒலித்தது யோகி பியின் குரல். திரையில் நம் பக்கத்திலிருந்து கீழ்க்கரைக்குச் சென்ற கற்பனைக் குழுவின் பாட்டை, கீழ்க்கரையிலிருந்து நம் பக்கத்துக்கு வந்த மெய்யான குழுவின் பாடகர் பாடினார். 'ஆடுகளம்', 'விவேகம்' ஆகிய படங்களுக்குப் பிறகு, 2018 இல் 'காலா'வில், நிலமற்றவர்களின் உரிமையைப் பேசுகிற பாட்டுக்கும் அவர் குரல் பொருத்தமாக அமைந்தது. இதனிடையே கோயம்புத்தூரிலிருந்து ஆதியும் ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா' என்று கிளம்பி, படங்களின் உதவியின்றியே முதலில் பெயர் பெற்றார்கள். இப்போது இந்தக் கலைக்குத் தமிழகத்தில் ஊருக்கு ஒரு குழு இருக்கிறது.

நம் தீவுகளில் மட்டும் இன்னும் இல்லை. 2011 ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி இங்கே சுமார் 15 விழுக்காட்டினருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த மூன்றாம் ஸ்தானம் நம்முடையது. நம் பிள்ளைகள் வீட்டிலே தமிழும், தெருவிலே அந்தமான் இந்தியும், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பேசி, மூன்றையும் ஒரே மூச்சில் கலக்கிறவர்கள். இக்கலப்பைக் குறையாக எண்ணி வெட்கப்படுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. தமிழிலே மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் விரவிப் பேசி வளர்ந்த பிள்ளைகள்தான் கோலாலம்பூரில் தங்கள் நாவை நம்பி எழுந்தார்கள். அந்தமானைப் பற்றி வெளியார் பாடியிருக்கிறார்கள். 1978 இல் 'அந்தமான் காதலி' எடுத்தார்கள். 1996 இல் செல்லுலார் சிறையின் கதையைச் 'சிறைச்சாலை' என்று எடுத்தபோது அதற்கு இசையமைத்தவரும் இளையராஜாவே. பீனிக்ஸ் பே ஜெட்டியில் டிக்கெட்டுக்கு நிற்கிறவனும், ஹட்டோவில் மூட்டை இறக்குகிறவனுடைய மகனும் தங்கள் வாயால் பாடிய பாட்டுத்தான் இன்னும் வரவில்லை.

வசதி இல்லை என்ற காரணமும் நீங்கிவிட்டது. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுக்கப்பட்ட கண்ணாடி இழைக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்று துவக்கிவைக்கப்பட்டு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை சென்றிருக்கிறது. பாட்டு இனிக் கப்பலுக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. இங்கிருந்து போவதற்கும் அதே கம்பிதான். 1963 முதல் இயங்கிவருகிற நமது வானொலி நிலையம் தமிழிலும் ஒலிபரப்புகிறது. வாரத்தில் அரைமணி நேரத்தை இங்குள்ள வாலிபர்கள் தாங்களே எழுதிப் பாடுகிற பாட்டுகளுக்கு ஒதுக்குமாறு அதன் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தீவுச் சுற்றுலா விழா மேடைக்கு வெளியூரிலிருந்து பிரபலங்களை வரவழைப்பவர்கள், ஒரு மாலையையேனும் உள்ளூர்க் குழுக்களுக்கு விடவேண்டும். தமிழோடு தெலுங்கும் வங்காளியும் நிக்கோபாரியும் பாடுகிற பிள்ளைகள் அதே மேடையில் ஏறட்டும். நமது தமிழ்ச் சங்கத்தார் பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டுப் போட்டி நடத்துகிறார்களே, அதன் விதிகளில், சொந்தச் சாகித்தியத்துக்குத் தனிப் பரிசு என்று ஒரு வரியை வருகிற வருஷமே சேர்த்துவிடலாம்.